உடன் கடனாளி

புதுவயலிலிருந்து காரைக்குடிக்கு
பதினோரு மணி டவுன் பஸ்ஸில்
நின்றுகொண்டே போனேன்.
கையில் பிளாஸ்டிக் கவர்,
அதற்குள் டெல்லி.

இரண்டு வருடம், பொதுக்கொள்கை முதுகலை,
விடுதி, சாப்பாடு, மடிக்கணினி சேர்த்துப்
பதினான்கு லட்சம்.
மூன்றாம் முறை கூட்டியபோதும் அதேதான் வந்தது.

"பாலிசி படிக்கவா?" என்றாள் அம்மா நேற்று,
தலையெல்லாம் தவிட்டுத்தூசி.
"அதான் உங்கப்பாவுக்குப் போட்டோமே,
முதிர்றதுக்குள்ள அவரு முந்திக்கிட்டாரு."
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
எப்படிச் சொல்வது,
ரேஷன் அட்டையில் ஒரு பெயர் காணாமல் போவதற்கும்
ஊருணிக்கு வரும் கால்வாய்மேல்
கல்யாண மண்டபம் எழும்புவதற்கும்
எங்கோ ஒரு மேசையில் ஒரு தாள் இருக்கிறது,
அதை வேறு மாதிரி எழுதக் கற்றுத் தருவார்களாம் என்று.

நான்கு வருடமாக ஒன்றிய அலுவலகத்தில்
அந்தத் தாள்களைத் தட்டச்சு செய்கிறேன்,
மேலிருந்து வந்தபடியே, பிழையோடு.
ஒப்பந்தம். பதினாறாயிரத்து எண்ணூறு.

கல்லூரிக்கு எழுதிக் கேட்டேன்:
படித்து முடித்தவர்களைச் சம்பளப்படி வரிசையில் நிறுத்தினால்
நடுவில் நிற்பவருக்கு என்ன கிடைக்கிறது?
முதலில் நிற்பவரின் படத்தை அனுப்பினார்கள்.
கோட்டுப் போட்டிருந்தார்.

தேவகோட்டை ஃபர்சானா அங்கேயே படித்தவள்,
போனில் உள்ளதைச் சொன்னாள்.
"நாப்பத்தி ரெண்டு. வாடகை பதினாலு, தவணை இருபத்தி ரெண்டு.
மிச்சம் ஆறுல உக்காந்து
ஏழைங்களப் பத்தி அறிக்கை எழுதுறேன்."
கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு,
"ஆனா ஒரு மாவட்டத்துல
விதவை பென்ஷன் படிவத்துல ரெண்டு பக்கம் குறைச்சோம்டி.
ரெண்டே பக்கம்."

அந்த இரண்டு பக்கத்தை
வரவில் எங்கே எழுத?

கண்டனூர் தாண்டும்போது
வட்டியில் எழுந்த வீடுகள் ஜன்னலில் வந்து போயின.
அந்தப் பேரேடுகளில் மகமை என்று ஒன்று உண்டாம்,
லாபத்தில் இத்தனை பங்கு கோயிலுக்கு, குளத்துக்கு.
லாபம் வந்த பிறகு.
கடன் வாங்கி மகமை வைக்கிறவளுக்கு
அதில் ஒரு வரியும் இல்லை.

மேலாளர் ஆரோக்கியதாஸ் நல்ல மனிதர்.
எதிர்பார்க்கும் மாத வருமானம் என்ற கட்டத்தில்
நாற்பத்திரண்டாயிரத்தைப் பார்த்து
பேனா மூடியால் தட்டினார்.
"பசங்க எல்லாம் எம்பது போடுறாங்க.
நீங்க ஒரு எழுபதாவது போடுங்க,
இல்லேன்னா இது நகராதும்மா."

பொய் எண்ணில் தொடங்கும் திட்டங்கள் என்ன ஆகும்
என்று எனக்குத் தெரியும்.
தட்டச்சு செய்தவள் நான்தானே.

"நாளைக்கு வர்றேன் சார்."

திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தது.
பயணச்சீட்டின் பின்னால் வகுத்துப் பார்த்தேன்:
நாளொன்றுக்கு வட்டி நானூற்று மூன்று ரூபாய்.
நான் வகுப்பில் கொட்டாவி விடும் நாளுக்கும்.
ஞாயிற்றுக்கிழமைக்கும்.
அரிசி ஆலையில் அம்மாவுக்கு நானூறு,
ஞாயிற்றுக்கு இல்லை.
பொழுது முழுக்க அவள் புடைத்துக் கொட்டினாலும்
மூன்று ரூபாய் முன்னால் நடந்து போகும் என் கடன்.

திருச்சியில் அரசுக் கல்லூரி இருக்கிறது.
பொது நிர்வாகம், வருடத்துக்கு ஒன்பதாயிரம்,
வெள்ளிக்கிழமை கடைசி.
அங்கே யாரும் படம் அனுப்பவில்லை.
போன் அடித்தால் எடுக்கவுமில்லை.

சாயங்காலம் ஆலை வாசலில் அம்மா,
"பாலிசி போட்டாச்சா?"
"பிரீமியம் ஜாஸ்திம்மா. வேற ஒண்ணும் பாக்குறேன்."
"எதுன்னாலும் நாமினியா என்னப் போடாத,"
முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.
"நீ இல்லாத காசு எனக்கு எதுக்கு."

கவருக்குள், நான்காம் பக்கத்தில்,
உடன் கடனாளி என்ற இடத்தில்
பஞ்சவர்ணம் என்று எழுதியிருந்தேன்.
பென்சிலில்தான்.