நான்காவது பொத்தான்

ஓசார்க் மலைச்சரிவு. அக்டோபர், 1918.
பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு.
மாவுமூட்டைத் துணியைக் கிழித்து
ஆர்ஃபா ஐந்து பை தைத்தாள்.
உள்ளே சுண்டைக்காய் அளவு பெருங்காயம்.
பிள்ளைகள் கழுத்தில் நான்கு,
கோவேறு கழுதைக்கு ஒன்று.
லெமுவேலுக்குப் பை இல்லை.
அவன் கேட்கவும் இல்லை.

டாக்டர் பிளெட்சோ
வாசலிலேயே மூக்கைப் பிடித்தார்.
"நாற்றத்துக்குக் கோபித்துக்கொண்டு திரும்பிப்போக
காய்ச்சல் என்னம்மா, சம்பந்தியா?"
ஆஸ்பிரின் பொட்டலம் வைத்தார்.
காசுக்குப் பதில் ஒரு கோழி.
அந்த வாரம் முப்பத்தொரு வீடு அவருக்கு.
வண்டியின் பின்னால் கால் கட்டிய கோழிகள்
ஊர் ஊராய்ப் பார்த்துக்கொண்டே போயின.

வியாழன் இரவு
குதிரை தானாக வந்து நின்றது.
இருக்கையில் சரிந்து கிடந்தார்.

சமையலறை மேசைமேல் கிடத்தி
வெங்காயம் வதக்கினாள்,
பன்றிக்கொழுப்பில் டர்பன்டைன் குழைத்தாள்.
நெஞ்சில் பூசச் சட்டையைத் திறந்தாள்.
ஒன்று, இரண்டு, மூன்று.
நான்காவது பொத்தானுக்கு அடியில்
பட்டுத்துணியில் ஒரு பை.
முகர்ந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை.

சிரிக்கவில்லை அவள்.
தளர்ந்திருந்த முடிச்சை இறுக்கிவிட்டு
அதைச் சுற்றிப் பூசினாள்,
லெமுவேல் விளக்கோடு வருமுன்
பொத்தான்களை மாட்டினாள்.

விடியலில் கண் திறந்தார்.
கைதான் முதலில் எழுந்தது, நெஞ்சுக்கு.
பிறகு அவள் முகத்தைப் பார்த்தார், வெகுநேரம்.
"கோழிகளுக்குத் தண்ணீர்..."
"வைத்தாயிற்று. ஒன்று முட்டைகூட இட்டிருக்கிறது."

அடுப்பில் விறகு தள்ளக் குனிந்தாள்.
கொட்டகையில் இருமல் சத்தம்.
கழுதை இல்லை.