பதினொரு யூனிட்

சுக்கூரில் ஜனவரி.
பாலம் பாதிவரைதான் தெரிகிறது,
மிச்சத்தைப் பனிமூட்டம் எடுத்துக்கொண்டது.
ஐஸ் கேட்டு ஒருவரும் வருவதில்லை.
கல்யாண வீட்டாரும் தேநீருக்கு மாறியாயிற்று.

நானூறு தகர அச்சுகள் கவிழ்ந்து கிடக்கின்றன.
அம்மோனியாக் குழாயில் சிலந்தி குடித்தனம்.
மீட்டர் பார்க்க வந்த பையன்
கண்ணாடியைத் துடைத்து இருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தான்:
ஆபீஸ் பல்பு மட்டும்,
பதினொரு யூனிட்.

பில்லுக்குச் சிரிப்பு வரவில்லை.
எண்பத்தேழு கிலோவாட், நிலைக்கட்டணம்,
ஜூனில் என்னவோ அதேதான்.

கணக்கு எழுதுகிறவன் நான்.
இதை எந்தத் தலைப்பில் எழுத?
மின்சாரம் என்றெழுதக் கை வரவில்லை.
பென்சிலால் 'காத்திருப்பு' என்றெழுதி
ரப்பரால் அழித்தேன்.

முதலாளி இம்தாத் மஹரோடு மின்வாரியம் போனேன்.
"ஆலையே ஓடலையே."
"ஓட்ட நினைத்தால் ஓட்டலாம் அல்லவா?
அதற்காகத்தான் கம்பி உங்கள் வாசலில் நிற்கிறது.
நிற்பதற்குத்தான் இந்தக் காசு."
"அப்படியானால் சுமையைக் குறைத்துக் கொடுங்கள்."
"கொடுக்கலாம்.
ஏப்ரலில் ஏற்றக் கேட்டு வருவீர்கள்,
புது வைப்புத்தொகை, புது வரிசை.
வெயில் உங்களுக்காக நிற்குமா?"
கெட்டவர் என்று சொல்ல முடியாது.
தேநீர் வரவழைத்தார்.
அவருடைய பேனாவை மேஜைக்காலில்
சணலால் கட்டியிருந்தது.

திரும்பும் வழியெல்லாம் ரிக்‌ஷா சத்தம்தான்.
வந்ததும் சம்பளப் பட்டியலைக் கேட்டார்.
குளிர்காலத்தில் எல்லோருக்கும் அரைச் சம்பளம்,
மூன்று அரைகள் சேர்ந்தால் அந்தப் பில்.
பில்லில் கைவைக்க முடியாது.
பெயர்களில் முடியும்.

அமோனியா கம்ப்ரசர் பச்சல் அன்றிரவே தெரிந்துகொண்டான்.
யார் சொன்னார்களோ, நான் இல்லை.
சத்தமில்லாமல் சிலந்தியைத் துணியால் எடுத்து வெளியே விட்டான்,
சுவிட்சைப் போட்டான்.
தரை அதிர்ந்தது. என் மேஜையில் மசிக்கூடு நகர்ந்தது.
வாசலில் வந்து நின்ற முதலாளி
போர்வையை இழுத்து மூடிக்கொண்டாரே தவிர
நிறுத்தச் சொல்லவில்லை.
"காசு கட்டியாச்சே சாயின்," என்றான் பச்சல்,
"ஒரு ராத்திரி ஓடட்டும்."

இரண்டு நாள் கழித்து முற்றத்தில் அறுபது பாளம்.
வாங்க ஆளில்லை.
ஒரு நாய் நக்கிப் பார்த்து, தும்மி, போய்விட்டது.
பச்சலும் போய்விட்டான், ரோஹ்ரியில் மச்சான் வீட்டுக்கு.

அந்த மாத யூனிட் எழுநூற்று நாற்பது.
தண்டச் செலவு, தெரியும்.
ஆனால் அந்த வரியை மட்டும்
மின்சாரம் என்று
மையால் எழுதினேன்.