தூக்கு, தூங்கு

"திங்கள்: ஸ்குவாட், ஐந்துக்கு ஐந்து"
என்று எழுதிவிட்டு அடித்தேன்.
சின்னப்பாலத்தில் திங்கட்கிழமைக்கு
யார் கட்டுப்படுகிறார்கள்?
அமாவாசையை ஒட்டி ஆறு நாள்,
பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள்
பாசிக்கு முங்கப் போகிறோம்.
மிச்ச நாள்தான் இரும்புக்கு.
காலண்டரில் வளர்பிறைக்குப் பக்கத்தில்
பென்சிலால் டெட்லிஃப்ட் என்று குறித்திருப்பவள்
இந்தத் தீவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
தகரக் கொட்டகை. அதுதான் ஜிம்.
உப்புக்காற்று தின்ற இருபது கிலோத் தட்டு
மீன் தராசில் பத்தொன்பதே முக்கால்.
என் நாத்தனார் பிரிஸ்கா
அந்தக் கால் கிலோவையும் கழித்தே நோட்டில் எழுதுவாள்.
"முட்டி உள்ள சாஞ்சிருச்சு மைனி.
அது கணக்குல சேராது."

மூச்சை அடக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்க்க
நாற்பது எண்ணும்வரை உள்ளேயே இருப்பேன்.
ஆனால் கடலுக்கடியில்
வயிறு ஈரத்துணியாய்த் தொய்ந்திருக்க வேண்டும்;
கம்பிக்கடியில் அதே வயிறு
தவிலாய் விறைத்திருக்க வேண்டும்.
இது பிடிபட நான்கு மாதமும்
ஓர் இடுப்புப் பிடிப்பும் ஆயிற்று.
பாறை அறுக்காமலிருக்க விரலில் சுற்றும் துணிக்கிழிசலை
காயவைத்துக் கம்பிக்கும் சுற்றிக்கொள்கிறேன்.

எண்பதில் நின்றுவிட்டது.
ஆறு வாரம்.
தரையோடு ஆணியடித்தது போல் எண்பது.
இன்னும் இரண்டு செட் கூட்டினேன்.
முட்டையைக் கூட்டினேன்.
சாளையை முள்ளோடு தின்றேன்.
தண்ணீர்க்குடம் தூக்கும்போது கை நடுங்கியதை
யாரிடமும் சொல்லவில்லை.

பிரிஸ்கா பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.
"எட இருக்கு, எண்ணிக்க இருக்கு.
தூங்குன மணி எங்க?"

இரண்டரைக்குக் குழாயில் தண்ணீர் வரும்.
நாலு மணிக்கு வல்லம்.
நடுவில் இருப்பதற்குப் பெயர் தூக்கமா?

ஸ்கேல் வைத்துப் புதிதாய் ஒரு கோடு கிழித்தாள்.
இந்தப் பக்கம் தூக்கிய எடை,
அந்தப் பக்கம் தூங்கிய மணி.
அவள் கையெழுத்தில் க்-கும் ங்-கும் ஒரே கோலம்.
எட்டாம் வகுப்பில் கேட்டது ஞாபகம் வந்தது:
இறங்கு, இறக்கு.
அடங்கு, அடக்கு.
தன்வினை முதலில், பிறகுதான் பிறவினை.
அன்று அரை மதிப்பெண் போனது.
இன்று ஆறு வாரம்.

பௌர்ணமி ஓய்ந்த ஒன்பது நாளும்
கம்பியைத் தொடவிடவில்லை அவள்.
தண்ணீர் பிடிக்கத் தானே போனாள்.
பகல் பன்னிரண்டுக்கு நான் பாயில் கிடந்தேன்;
அது எண்பதைவிடக் கனம்.
எட்டிப் பார்த்த அந்தோணியம்மாள் கேட்டாள்:
"மேலுக்கு முடியலையா?"
"இல்ல. பயிற்சியில இருக்கேன்."
அவள் போய்த் தெருவெல்லாம் சொல்லியிருப்பாள்.

பத்தாம் நாள்
எண்பத்திரண்டரை.
தரையை விட்டுக் கிளம்பியது,
முட்டியைக் கடந்தது,
தொடையில் உரசி நின்றது.
வெளியே ரயில் ஏதோ பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

இரண்டு தட்டுக்கு அரைக் கிலோ கழித்து
எண்பத்திரண்டு என்று எழுதினாள் பிரிஸ்கா.
பக்கத்துக் கட்டத்தில், முந்திய இரவுக்கு:
ஏழரை.
எழுதும்போதே சிரித்துவிட்டாள்.
"நல்ல ஏழரையும் இருக்கு மைனி."