இருபது ஃபில்லெர்

இரவு பத்து அடித்தால் வாசற்கதவு என்னுடையது.
அதுவரை அது யாருடையதும் இல்லை.
பால்காரன், கரிக்காரன், கடன்காரன்
யார் தள்ளினாலும் அதே கீல்தான் முனகும்.

பத்துக்கு மேல்
மணியை இழுக்க வேண்டும்.
நான் செருப்பைத் தேட வேண்டும்.
இருபது ஃபில்லெர் என் உள்ளங்கையில் விழ வேண்டும்.
பிறகுதான் எவரும் புடாபெஷ்டை விட்டு
இந்த வீட்டுக்குள் வரலாம்.

நாலு மாடி. நடுவில் முற்றம்.
தெருப்பக்கம் சுதைப் பெண்கள் இருவர்
ஆறு வருடமாக
பால்கனியைத் தலையில் தாங்கி நிற்கிறார்கள்.
புகைக்கரி படிந்து ஒருத்திக்கு மீசை முளைத்துவிட்டது.
அந்தப் பக்கத்தில் குளியலறை உண்டு, பியானோ உண்டு.
முற்றத்துப் பக்கம்
இரும்புக் கிராதி போட்ட நடைவழியைச் சுற்றி
ஓர் அறை, ஓர் அடுப்படி, ஒரே சன்னல்.
அந்தச் சன்னலில் வானம் தெரியாது.
எதிர்வீட்டில் இன்று முட்டைக்கோஸா
வெறும் உருளைக்கிழங்கா என்பது தெரியும்.

மூன்றாம் மாடி விதவை ட்ரூபிச்
இரண்டு கட்டில்களை நாலு பேருக்கு விட்டிருக்கிறாள்.
பகல் ஷிப்டுக்காரன் எழுந்த சூட்டிலேயே
இரவு ஷிப்டுக்காரன் படுக்கிறான்.
கட்டில் ஆறுவதே இல்லை.
"அவன் இடதுபக்கம் சரிந்துதான் தூங்குவான் போல"
என்றான் ஒருவன் என்னிடம்,
தான் பார்த்தேயிராத மற்றவனைப் பற்றி,
உறவுக்காரனை விசாரிப்பதுபோல.

யார் எப்போது வருவார் என்று எனக்குத் தெரியும்.
டெலிபோன் நிலையத்து மல்வின், பதினொன்றரை.
டிராமிலிருந்தே இறுக்கிப் பிடித்து வருவாள்,
காசு சுடும்.
டாக்டர் கெர்ட்னெர், ஒன்று, ஒன்றே கால்.
எல்லாப் பைகளையும் தடவிவிட்டு
நாளைக்கு என்பார்.
"நேற்று எத்தனை மணிக்கு வந்தார்?" என்று
அவர் மனைவி கம்பளம் தட்டிக்கொண்டே கேட்டால்
பத்துக்கு முன்னால் என்பேன்.
பொய்க்குத் தனிக் கட்டணம் வைக்கவில்லை.

பெயர்ப்பலகையில் இன்னும் என் கணவர்தான் காவலாளி.
செத்து இரண்டு வருடம்.
எனாமல் பலகை மாற்றினால் செலவாம் வீட்டுக்காரருக்கு.

பிப்ரவரி முடிவில் ஒரு மாலை
டான்யூபில் பனி உடைகிறது என்றார்கள்.
ஆறு வருடத்தில் பத்துக்கு மேல்
நான் வெளியே நின்றதில்லை.
போனேன்.
வீட்டுச் சுவர் அளவு பாளங்கள்
ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முட்டி, புரண்டு
பாலத்துக்கு அடியில் போய்க்கொண்டிருந்தன.
எவ்வளவு நேரம் நின்றேனோ.

திரும்பியபோது வாசல் பூட்டியிருந்தது.
நான்தான் பூட்டினேன்.
சாவி என் பாவாடைப் பையில்.
ஆனாலும் ஏனோ மணியை இழுத்தேன்.

உள்ளே, என் கட்டிலுக்கு மேலே, அது அடித்தது.
தெருவிலிருந்து கேட்டால்
கரண்டி கிண்ணத்தில் பட்ட மாதிரி
அவ்வளவுதான் சத்தம்.
யாரும் எழவில்லை.
கால்விரல்கள் ஒவ்வொன்றாக மரத்தன.
சுதைப் பெண்ணின் மூக்கிலிருந்து
உருகிய நீர் என் கழுத்தில் சொட்டியது.

பின்னால் மல்வின் வந்து நின்றாள்.
"இழுத்தாயிற்றா?"
"ஆயிற்று."
"எப்போதும் நேரமாகும்" என்றாள்.
தலைமுக்காடு போட்டிருந்தேன்.
என்னை அடையாளம் தெரியவில்லை அவளுக்கு.
"தூங்குமூஞ்சி. ஆனால் மோசமானவள் இல்லை."

சாவியை எடுத்தேன்.
அவள் முகம் போன போக்கை
நான் யாருக்கும் சொல்லப்போவதில்லை.
காசை நீட்டினாள். வேண்டாம் என்றேன்.
படிக்கட்டின் முதல் படியில் வைத்துவிட்டு
மூன்று மாடியும் ஓடியே ஏறினாள்.

மறுநாள் மணிக்கம்பியை இறுக்கினேன்,
எண்ணெய் போட்டேன்.
செருப்பு இப்போது கட்டிலடியில் இல்லை,
கதவோரம் இருக்கிறது.
மற்றபடி
அதே இருபது ஃபில்லெர்தான்.