கேட் பாஸ்

ஒசூர் சிப்காட்டில் எங்கள் கம்பெனி வாசலில்
கோவிலூர் அருளப்பன் பேனாவை உதறிக்கொண்டு கேட்டார்:
'சார் எந்த நாடு, என்ன ஆளு?'
முந்நூறு டன் பிரஸ்ஸை நிறுத்திக் கொடுக்க
ஆறு வாரத்துக்கு வந்தவர்.
ரெனாட்டோ ஒகாதா, பிரேசில்.
கண்ணைப் பார்த்தால் ஜப்பான்.
சிரிப்பைப் பார்த்தால் சொல்லத் தெரியவில்லை.
'லத்தினோ' என்றார், தோளைக் குலுக்கி.
'சில பேர் ஒத்துக்கொள்வதில்லை' என்றும்.

அருளப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.
'லத்தீனா? நாங்களும் லத்தீன்தாங்க.
எங்கப்பா சின்னப் பையனா இருந்தப்போ பூசையே லத்தீன்லதான்.
ஒரு வார்த்தை புரியாதாம். முட்டி வலிச்சது மட்டும் புரியுமாம்.'
நோட்டில் எழுதினார்: ஒகாதா, லத்தீன், ஆர்.சி.
நான் குவாலிட்டியில் இருக்கிறேன்,
தப்பைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம்.
ஆனாலும் திருத்தவில்லை.

கேன்டீனில் களியைப் பிட்டுப் போடத் தெரியாமல்
தட்டைச் சுற்றி ஓட்டிக்கொண்டே சொன்னார்.
கொள்ளுத் தாத்தா காப்பித் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்.
இவர் பிறந்த தெருவில் இவர் பேர் 'ஜப்பான்காரன்'.
பிழைக்க ஜப்பான் போனார், கார் கம்பெனியில் ஏழு வருஷம்,
அங்கே 'பிரேசில்காரன்'.
டல்லாஸில் ஒரு விண்ணப்பத்தில்
லத்தினோ என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் கேட்டாளாம்,
'ஸ்பானிஷ் வருமா?'
'போர்ச்சுகீஸ்.'
முகத்தைப் பார்த்தாள், பேரைப் பார்த்தாள்,
அந்த டிக்கை அடித்துவிட்டு வேறு கட்டத்தில் போட்டாள்.
கோபமாக இல்லை. சட்டைக் காலரைச் சரி செய்துவிடுவதுபோல.

'எங்க ஊர்க் கணக்கெடுப்பில் நான் மஞ்சள்.'
மஞ்சளா?
'நிறம். அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது.'
'மூட்டை என்ன ரேட்டுனு கேளுங்கக்கா' என்றான்
பாலக்கோட்டு மாதப்பன்.
அதை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டேன்.

என் பங்குக்கு நான் என்ன சொல்ல?
வீட்டில் தெலுங்கு. எழுதச் சொன்னால் ஒரு எழுத்து வராது.
விஜயவாடாக் கல்யாணத்தில் நான் வாயைத் திறந்ததும்
'தமிழ்ப் பெண்ணா?' என்று சாம்பாரைத் தேடிப்போனார்கள்.
சென்னை ஹாஸ்டலில் தண்ணீர் டிரம் பக்கத்தில் ஒருத்தி
'நீங்கெல்லாம் எங்க இருந்து வந்தீங்க' என்றாள்.
எங்கிருந்தும் வரவில்லை.
எங்கள் ஏரிக்கரையில் இருந்த இடத்தில்தான் இருக்கிறோம்,
கோடுதான் வந்து வந்து போகிறது.
அத்திப்பள்ளி டோல் தாண்டினால்
கன்னடத்தில் திட்டினவனுக்குக் கன்னடத்திலேயே
ஒன்றுக்கு இரண்டாகக் கொடுப்பேன்.
இதைத் தமிழில் எழுதுகிறேன்.
வேறு எதிலும் எனக்கு எழுத வராது.
அது போதுமா என்று யாரைக் கேட்பது?

வலிக்கும்போது வருவதுதான் தாய்மொழி என்பார்கள்.
ஐந்தாம் வாரம் ஹைட்ராலிக் ஹோஸ் கழன்று
சூடான ஆயில் அவர் மணிக்கட்டில் தெறித்தது.
ஷாப் முழுக்கக் காதாக நின்றோம், வெட்கமில்லாமல்:
போர்ச்சுகீஸா, ஜப்பானா?

'யப்போவ்!'

மாதப்பனுடைய யப்போவ்.
இழுவைகூட அவனுடையதே.
மருந்துப் பெட்டியை எடுக்க ஓடினவன்
பாதி வழியில் சிரித்து உட்கார்ந்துவிட்டான்.

அவர் போய் நாலு மாதம். பிரஸ் ஓடுகிறது.
பவ்யஸ்ரீக்கு ஆறாம் வகுப்பு விண்ணப்பம்,
தாய்மொழி என்று போட்டு
ஒரு சொல் மட்டும் கொள்ளும் நீளத்துக்குப் புள்ளிக்கோடு.
போன கணக்கெடுப்பில் டீச்சர் கேட்டபோது
என் அம்மா திருப்பிக் கேட்டாள்,
'எழுதறதா, பேசறதா?'
டீச்சர் எதை எழுதிக்கொண்டு போனார் என்று
இன்றுவரை தெரியாது.

'பென்சில்ல எழுதிக்கலாமா?' என்கிறாள் பவ்யஸ்ரீ.
எந்த மொழியில் கேட்டாள் என்று
இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.
நினைவில்லை.