வளைவில் படிவது

இரவு இரண்டு பத்து. டிக்கோயா ஆஸ்பத்திரி லேப்.
ட்ரோபோனின் பட்டையில் மூன்று துளி விட்டுவிட்டேன்.
பதினைந்து நிமிடம் பார்த்திருக்க வேண்டும்.
ஒரு கோடென்றால் காலையில் வீடு.
இரண்டென்றால்
மருதை சிவனுவின் இதயத்தில் தசைக்கலங்கள் கிழிந்து
உள்ளே இருக்கவேண்டியது வெளியே ஒழுகியிருக்கிறது.

நாற்பத்தாறு வயது. கொழுந்து லொறி ஓட்டுகிறவர்.
“கேஸ்டிக்தான் மிஸ், சோடா குடிச்சா போயிரும்.”
ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேரான நாடியில் அகவணிக் கலங்கள்
ஓட்டத்தின் பக்கம் நீண்டு படுத்திருக்கும்,
நிரை பிடித்து நட்ட தேயிலை மாதிரி.
வளைவில், கிளை பிரிகிற முக்கில்
குருதி சுழன்று தயங்குகிறது.
எந்தப் பக்கம் படுப்பதென்று தெரியாமல்
தோளோடு தோள் விலகுகின்றன கலங்கள்.
அந்த இடுக்கால் கொழுப்பு நுழைகிறது,
நுழைந்த இடத்திலேயே துருப்பிடிக்கிறது.

சுத்தம் செய்யத்தான் தின்கலங்கள் போயின.
தின்றன.
போதும் என்று சொல்ல அவற்றுக்குத் தெரியவில்லை.
நுரைத்து, வீங்கி, வந்த வழி அடைபட்டு
அங்கேயே செத்தன.
அவற்றை அள்ளப் போனவையும்.
மேலே மெல்லிய நார்மூடி ஒன்று,
கான் வெட்டாத மலையைப் புல் மூடினாற்போல்.
வெளியிலிருந்து பார்த்தால் பச்சை.

இது இருபது வருட வேலை. அவர் அறியாத வேலை.

நேற்று மாலை, பெக்டரியில் சாக்கு இறக்கையில்
மூடி சரிந்திருக்கும்.
காயமென்று நினைத்துச் சிறுதட்டுக்கள் ஓடிவந்தன,
கையோடு கை கோத்தன.
விரலை வெட்டிக்கொண்டால்
இதே கூட்டம்தான் நம்மைக் காப்பாற்றுவது.
இதில் ஒருவரும் கெட்டவரில்லை.
பன்னிரண்டு வருடமாய் இந்த மேசையில் இருக்கிறேன்,
அதுதான் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

ஏழாவது நிமிடம். ஒரு நிழல்.
விளக்கடியில் சரித்துப் பார்க்கிறேன்:
கோடா, தூக்கக் கண்ணா?
பதினொன்றில் அது இளஞ்சிவப்பு.
இரண்டு இருபத்தொன்று என்று எழுதி
வார்டுக்குப் போன் அடித்தேன்.

டொக்டர் ஹேரத் ஈசிஜியைக் கண்டதுமே
கட்டி உருக்கும் மருந்தை ஏற்றிவிட்டாராம்.
என் கோட்டுக்காக யாரும் காத்திருக்கவில்லை.
நல்லது.

இனிக் கண்டிக்குக் கொண்டுபோக வேண்டும்.
கினிகத்தேனையில் மண் இறங்கியிருக்கு,
ஒரு பக்கம்தான் போகலாம் என்று
அம்புலன்ஸ் சாரதி சொல்லிக்கொண்டிருக்க,
கட்டிலிலிருந்து சிவனு
“எந்த வளைவு?” என்று கேட்டாராம்.
சொன்னார்கள்.
“அங்க எப்பவும் தண்ணி தேங்கும்” என்றாராம்.