சார்ந்திருப்பவை

நிறுவல் வெற்றிகரமாக முடிந்தது என்று
பச்சை எழுத்தில் சொன்ன பெட்டியை
நம்பி மூடி இன்றோடு மூன்று நாள்.

கோத்தகிரி டானிங்டனில்
பூண்டு மண்டிக்கு மேலே வாடகை அறை.
மேசையில் மண் பரிசோதனை அறிக்கை,
சரிந்த சரிவின் பதினேழு படங்கள்,
என் தலைக்குள் மட்டும் நிற்கும் ஒரு தடுப்புச்சுவர்.
அதை நிறுத்திப் பார்க்க வேண்டிய மென்பொருள்
திறக்கிறது, தன் பெயரைப் பெரிதாகக் காட்டுகிறது,
பிறகு தொண்டையைச் செருமுகிறது:
உரிமம் வழங்கும் சேவை ஓடவில்லை.

சாமி வரம் கொடுத்தாயிற்று.
பூசாரி இன்னும் எழுந்திருக்கவில்லை.

வலச் சொடுக்கு. தொடங்கு.
கோடு பாதி வரைக்கும் ஊர்ந்து நின்றது.
பிழை ஆயிரத்து அறுபத்தெட்டு.
மறுபடி. ஆயிரத்து அறுபத்தெட்டு.
வைரஸ் காவலனைத் தூங்க வைத்தேன்,
தீச்சுவரில் ஓட்டை போட்டேன்,
நிர்வாகியாக நுழைந்தேன், நிர்வாகியாகவே தோற்றேன்.
உதவி எண்ணில் ஒரு பையன்
நீக்கிவிட்டுத் திரும்பப் போடுங்க மேடம் என்றான்.
போட்டேன். பச்சை எழுத்து மறுபடி வாழ்த்தியது.
இரண்டு தடவை மின்சாரம் போனது,
அதில் ஒரு தடவை எனக்கு நிம்மதியாக இருந்தது.

மதியம் போஜராஜ் படியேறி வந்தார்.
கம்பளி குல்லாயில் மழைப் பொட்டு.
சரிந்தது அவருடைய கேரட் காடு,
சரிந்து நிற்பது பள்ளிக்கூட வேன் போகும் பாதை.
சுவர் எப்பங்க வரும் என்றார்.
முதலில் கம்ப்யூட்டருக்குள் வரணும் என்றேன்.
கேட்டுக்கொண்டார், வரி ரசீதைப் பார்ப்பது மாதிரி
என் திரையைப் பார்த்தார்.

அவர் டீ சொல்லப் போன நேரத்தில்தான்
அந்தச் சேவையின் உள்ளே போய்
இதுவரை தொடாத நான்காவது தாளைப் புரட்டினேன்.
சார்ந்திருப்பவை.
ஒரே ஒரு பெயர் இருந்தது. யாரோ அந்நியன் மாதிரி,
பாதி எழுத்து பாதி எண்.
பட்டியலில் தேடினேன். இருந்தான்.
முடக்கப்பட்டது, என்றிருந்தது அவன் எதிரே.

யார் முடக்கியது?
கார்த்திகைக் குளிரில், மடிக்கணினி கண் திறக்க
ஏழு நிமிஷம் எடுத்த ஒரு காலையில்
பெயர் புரியாத பதினோரு பேரை
வரிசையாக வேலையை விட்டு நிறுத்திய கை
இப்போது சுட்டியின் மேல் இருக்கிறது.
அன்று இரண்டு நிமிஷம் மிச்சமானது.
அதை யாரிடமோ பெருமையாகவும் சொன்னேன்.

தானியங்கி. சரி. தொடங்கு.
அவன் தொடங்கினான், சத்தமே இல்லாமல்.
அடுத்தவனும் தொடங்கினான்.

டீயோடு வந்த போஜராஜிடம்
படம் ஒன்பதைக் காட்டி, வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்:
இந்த மேட்டுக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போகும்?
கண்ணாடித் தம்ளரை வைத்தார். எடுத்தார்.
கல் பாவின ஒரு கால்வாய் இருந்தது,
எப்பப் பார்த்தாலும் காய்ஞ்சே கிடக்கும்,
எதுக்குன்னு தெரியலை, மூடிட்டேன்.
ரெண்டு வரிசை கேரட் கூட வந்துச்சு.

நான் எதுவும் சொல்லவில்லை.
சொல்ல எனக்கென்ன யோக்கியதை.
பதினோரு பேரில் இன்னும் பத்துப் பேர்
இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கீழே பூண்டு மூட்டை எடைபோடும் சத்தம்.
சுவரை வரைந்தேன்: மூன்றரை மீட்டர்,
பின்னால் நனைந்த மண், நீர்த்துளை கிடையாது.
ஓடவிட்டேன்.
போஜராஜும் நானும் பார்த்துக்கொண்டிருக்க
சுவர் மெல்ல முன்னால் சாய்ந்து
சிவப்பாகிக் கவிழ்ந்தது.

ஐயோ என்றார்.
இல்லைங்க, வேலை செய்யுது என்றேன்.
மூன்று நாளில் முதல் தடவையாக
ஒன்று சரியான காரணத்துக்காக விழுகிறது.
கால்வாய் எங்கே இருந்தது, சரியா காட்டுங்க.
ஈர விரலைத் திரையிலேயே வைத்தார்.